முதல் ஊசி தனக்கே! தயங்கிய இந்தியாவை மிரட்டாமல் பேசி நம்பவைத்த ஹாஃப்கின்

திருத்தணி என்றதும் முருகன் மலை, 365 படிகள், ஆடிக்கிருத்திகைக் காவடி இதெல்லாம்தான் உங்களுக்கு ஞாபகம் வரும். மலைக்குக் கீழே ஊருக்குள் ஒரு ரயில்வே ஸ்டேஷனும் இருக்கிறது. சென்னையையும் மும்பையையும் இணைக்கும் பழைய ரயில் பாதை அந்த வழியாகத்தான் போகிறது. 1896-ல் அந்தப் பாதையின் மறுமுனையில், அன்றைய பம்பாயில், பிளேக் பரவ ஆரம்பித்தது. எலி, எலி மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி, அதிலிருந்து மனிதன் என்று பரவுகிற நோய். அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டும், காய்ச்சல் கொதிக்கும், சில நாள்களில் ஆள் காலி.

சென்னை மாகாணம் நடுங்கிப்போனது. ரயில் நிலையங்களில் பயணிகளை இறக்கிப் பரிசோதித்தார்கள். நோய் இருக்கும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு பிளேக் பாஸ்போர்ட் என்று ஒரு சீட்டு கொடுத்து, சில நாள்களுக்குக் கண்காணித்தார்கள். 2020-ல் நாம் இ-பாஸுக்கு அலைந்தோமே, அதற்குத் தாத்தா இந்தச் சீட்டு!

அதே நேரத்தில் பம்பாயில் ஒரு வெளிநாட்டுக்காரர், ஒரு கல்லூரிக் கட்டடத்தின் ஒற்றை அறையில் உட்கார்ந்து, பிளேக் கிருமியை வைத்தே பிளேக்குக்கு மருந்து செய்துகொண்டிருந்தார். அவர் பெயர் வால்டெமர் ஹாஃப்கின். மும்பை பரேலில் இன்றும் அவர் பெயரில் ஒரு இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. நம் பாடப்புத்தகங்களில் ஜென்னர் வருகிறார், பாஸ்டர் வருகிறார். இந்தியாவிலேயே பல வருடங்கள் உழைத்த இவர் எங்கே போனார் என்று தெரியவில்லை.

லைப்ரரி வேலை பார்த்த விஞ்ஞானி

1860-ல் ரஷ்யப் பேரரசின் ஒடெசா நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஹாஃப்கின். ஒடெசா இன்று உக்ரைனில் இருக்கிறது. அங்கே யூதர்கள் மீது கும்பல் தாக்குதல்கள் நடந்த காலம் அது. கல்லூரி மாணவரான ஹாஃப்கின் சும்மா இருக்கவில்லை. யூதர்களைக் காக்க இளைஞர்கள் அமைத்த தற்காப்புக் குழுவில் சேர்ந்தார், கைதானார். அவருடைய பேராசிரியர் இல்யா மெச்னிகோவ் தலையிட்டதால்தான் வெளியே வர முடிந்தது. இந்த மெச்னிகோவ் பிற்காலத்தில் நோபல் பரிசு வாங்கியவர்.

படிப்பில் கெட்டிக்காரர். ஆனால் மதம் மாறினால்தான் பல்கலைக்கழகத்தில் முன்னேற முடியும் என்கிற நிலை. மாற மாட்டேன் என்றுவிட்டார். 1888-ல் ஜெனீவா, அடுத்த வருடம் பாரிஸ். அங்கே பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் அவருக்குக் கிடைத்தது நூலக உதவியாளர் வேலை. பகலில் புத்தகம் அடுக்கிவிட்டு, மிச்ச நேரத்தில் ஆய்வுக்கூடத்தில் காலரா கிருமியோடு மல்லுக்கட்டினார். விலங்குகளிடம் ஜெயித்தாயிற்று. மனிதனிடம்?

1892 ஜூலை 18. ஹாஃப்கின் தன் உடம்பிலேயே காலரா தடுப்பூசியை ஏற்றிக்கொண்டார். காய்ச்சல் வந்தது, வலி வந்தது, சரியாகியும் போனது. அடுத்து அவருடைய ரஷ்ய நண்பர்கள் மூன்று பேர் போட்டுக்கொண்டார்கள். ஆனால் ஐரோப்பிய மருத்துவ உலகம் அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. காலரா உண்மையிலேயே ஊரை வாரிக்கொண்டு போகிற இடத்தில் போய்ப் பரிசோதிக்க நினைத்தார் அவர். பாரிஸில் பிரிட்டன் தூதராக இருந்த டஃப்ரின் பிரபு முன்பு இந்தியாவின் வைஸ்ராயாக இருந்தவர். அவர் உதவியால், 1893 மார்ச்சில் கல்கத்தாவில் வந்து இறங்கினார் ஹாஃப்கின்.

ஊசி என்றாலே ஓடிய ஊர்

வந்தவரை யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. ரஷ்யாவிலிருந்து வந்ததால் உளவாளியோ என்று ஆங்கிலேய அதிகாரிகளுக்குச் சந்தேகம். அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர் இல்லை, விலங்கியல் படித்தவர். இது டாக்டர்களுக்கு இளக்காரமாக இருந்தது. மக்களுக்கோ வெள்ளைக்காரன் கையில் இருக்கும் ஊசி மேலேயே பயம்.

இந்தப் பயத்தை அறியாமை என்று நாம் சட்டென்று ஒதுக்கிவிடக் கூடாது. உங்கள் நிலத்துக்கு வரி போடுகிற, உங்கள் ஊர்க்காரரைச் சிறையில் தள்ளுகிற அரசாங்கம், ஒருநாள் திடீரென்று வந்து உங்கள் குழந்தையின் கையை நீட்டச் சொன்னால் நீங்கள் நீட்டுவீர்களா? கேள்வி கேட்பீர்கள்தானே!

ஹாஃப்கின் இந்தக் கேள்விகளை மதித்தார். கட்டாயம் வேண்டாம், விரும்பி வருகிறவர்களுக்கு மட்டும் போதும் என்பதில் உறுதியாக இருந்தார். 1894 மார்ச்சில் கல்கத்தாவின் காட்டால் பாகான் என்கிற குடிசைப் பகுதியில் காலரா வந்தது. ஹாஃப்கின் இந்திய டாக்டர்களைக் கூட்டிக்கொண்டு போனார். முதலில் எதிர்ப்பு, கூச்சல். கூட வந்த டாக்டர் எல்லார் கண் முன்னாலும் ஊசி போட்டுக்கொண்டார். அவர் நம் ஊர்க்காரர், நம் பாஷை பேசுகிறவர், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் ஆள்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். அங்கே இருந்த சுமார் 200 பேரில் 116 பேர் போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் வந்த காலரா, ஊசி போடாதவர்களைத்தான் பிடித்தது.

ஹாஃப்கின் செய்த அடுத்த வேலை முக்கியமானது. ஒரே வீட்டில், ஒரே தண்ணீர் குடித்து, ஒரே சாப்பாடு சாப்பிடுகிறவர்களில் ஊசி போட்டவர் எத்தனை பேர், போடாதவர் எத்தனை பேர், யாருக்கு நோய் வந்தது என்று உட்கார்ந்து கணக்கெடுத்தார். மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு ஊர் பார்க்கிற மாதிரி ஒரு சாட்சி. சுமார் இரண்டரை வருடங்களில் வட இந்தியா, வங்காளம், அஸ்ஸாம் என்று சுற்றி 42,000 பேருக்குமேல் காலரா ஊசி போட்டார். மலேரியா பிடித்து, உடம்பு போய், 1895-ல் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். அடுத்த வருடமே மறுபடியும் வந்து நின்றார்!

இதில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக் கூலிகளும் உண்டு, சிறைக் கைதிகளும் உண்டு. முதலாளி சொன்னால் மறுக்க முடியாத கூலி, ஜெயிலர் முன் நிற்கும் கைதி... இவர்களின் சம்மதம் எவ்வளவு சம்மதம்? இன்று எந்த மருத்துவ நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது. ஹாஃப்கினைக் கொண்டாடுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

ஆட்டிறைச்சி, நெய், ஒரு பிளேக் ஊசி

1896 அக்டோபரில் பிளேக்குக்காக அவரை பம்பாய்க்கு அனுப்பினார்கள். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு அறை, ஒரு வராந்தா, ஒரு கிளார்க், மூன்று பியூன்கள். இவ்வளவுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட ஆய்வுக்கூடம். மூன்று மாதம் ராப்பகலாக உழைத்தார். உதவியாளர்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் விலகினார்கள்.

கிருமியை வளர்க்க ஒரு சாறு வேண்டும். ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் வழக்கமாக மாட்டிறைச்சிச் சாறுதான். அதை இந்தியாவில் கொண்டுவந்து ஊசியில் ஏற்றினால் என்ன ஆகும்? ஹாஃப்கின் ஆட்டிறைச்சிக்கு மாறினார். இந்துக்களுக்கும் சரி, முஸ்லிம்களுக்கும் சரி, மத ரீதியாகப் பிரச்னை வராத இறைச்சி என்பதால். சாறின் மேல் நெய்த் துளிகளை மிதக்கவிட்டார். அந்த நெய்த் துளிகளைப் பிடித்துக்கொண்டு பிளேக் கிருமி விழுது விழுதாகக் கீழ்நோக்கி வளரும். அப்படி வளர்ந்த கிருமியைச் சூடாக்கிக் கொன்றால் தடுப்பூசி ரெடி.

ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எதற்குத் தயங்குவார்கள் என்பதை மருந்து செய்கிற இடத்திலேயே யோசித்த மனுஷன். திருத்தணி பக்கம் போய்ப் பாருங்கள், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். 1960-ல் சென்னை மாநிலத்துக்கு வருவதற்கு முன் ஆந்திராவோடு இருந்த ஊர் அது. வீட்டுக்குள் தெலுங்கு, கடையில் தமிழ் என்று வாழ்கிற குடும்பங்கள் ஏராளம். புதன்கிழமை தடுப்பூசி நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற இரண்டு அம்மாக்களுக்கு ஒரே ஊசிதான். ஆனால் இருவர் மனதிலும் இருக்கும் கேள்வி ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒருவருக்குக் காய்ச்சல் வருமே என்கிற பயம். இன்னொருவருக்கு அம்மை வந்தால் அது அம்மன் வந்த மாதிரி, ஊசி எதற்கு என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னது உறுத்தும். கேள்வி எந்த பாஷையில் இருக்கிறதோ, பதிலும் அந்த பாஷையில் இருந்தால்தானே காதில் ஏறும்.

சரி, பம்பாய்க்கு வருவோம். 1897 ஜனவரி 10 அன்று ஹாஃப்கின் பிளேக் ஊசியையும் முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். பிறகு மற்றவர்களுக்குக் கொடுத்ததைவிடப் பல மடங்கு அதிகமான அளவு. காய்ச்சலும் வலியும் படுத்தி எடுத்தன. எழுந்துவிட்டார். அதற்குப் பிறகே மற்றவர்கள். அந்த மாதக் கடைசியில் பைகுல்லா சிறையில் பிளேக் நுழைந்தபோது, பாதிக் கைதிகளுக்கு ஊசி போடப்பட்டது. போட்டவர்களிடம் நோய் குறைவாகத் தெரிந்தது.

அடுத்து வந்தவர் இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையன்! இஸ்மாயிலி முஸ்லிம்களின் ஆன்மிகத் தலைவரான மூன்றாம் ஆகா கான். தன் சமூகத்து மக்கள் ஊசிக்குப் பயப்படுவதைப் பார்த்து, அவர்கள் முன்னிலையிலேயே ஊசி போட்டுக்கொண்டார். ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்ப. ஆய்வுக்கூடத்துக்குத் தன் பங்களா ஒன்றையும் கொடுத்தார். அவருடைய மக்களில் ஆயிரக்கணக்கானோர் போட்டுக்கொண்டார்கள். அரசாங்கத்தின் நூறு நோட்டீஸ்களால் முடியாததை, வீட்டுப்பிள்ளை மாதிரி ஒருவர் கை நீட்டிச் செய்துவிட்டார்.

அரசாங்கம் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்கிறீர்களா? 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. கொரோனா காலத்தில் நம் மேல் பாய்ந்ததும் அதே சட்டம்தான். புனேவில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள், பெண்களைப் பரிசோதித்தார்கள், சாமான்களை எரித்தார்கள். கோபம் முற்றி, ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்டை சாபேக்கர் சகோதரர்கள் சுட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் இதயத்தை வெட்டி எடுத்து மகாராணிக்கு அனுப்புவார்கள் என்று பம்பாயில் வதந்தி. அதற்கு ஒரு பின்கதையும் இருந்தது. விக்டோரியா சிலைக்கு யாரோ தார் பூசிவிட்டார்களாம், அதற்குப் பழிவாங்கலாம் இது! வாட்ஸ்அப் இல்லாமலேயே ஊர் முழுக்க ஃபார்வர்ட் ஆனது. வீட்டுக்குள் பூட்ஸ் காலோடு புகுந்த அரசாங்கத்தைப் பற்றி எதைச் சொன்னாலும் ஜனங்கள் நம்பத் தயாராக இருந்தார்கள். ஹாஃப்கினின் ஊசியும் அந்த அரசாங்கத்தின் ஊசிதானே.

உந்தேரா என்கிற கிராமம்

பரோடா சமஸ்தானத்தில் உந்தேரா என்று ஒரு கிராமம். 1898 பிப்ரவரியில் அங்கே பிளேக் இருந்தது. ஹாஃப்கினின் குழு போனபோது ஊர் குடும்பம் குடும்பமாக வந்து நின்றது. ஒவ்வொரு குடும்பத்திலும் பாதிப் பேருக்கு மட்டும் ஊசி போட்டார்கள். சில வாரங்கள் கழித்துப் போய் எண்ணிப் பார்த்தார்கள்.

ஊசி போட்ட 71 பேரில் 8 பேருக்கு நோய் வந்திருந்தது, 3 பேர் இறந்திருந்தார்கள். ஊசி போடாத 64 பேரில் 27 பேருக்கு நோய், 26 பேர் மரணம்.

இந்தக் கணக்கை மெதுவாக இன்னொரு முறை படியுங்கள். ஊசி போட்டும் 3 பேர் செத்திருக்கிறார்கள். ஹாஃப்கின் அதை மறைக்கவில்லை, லண்டன் ராயல் சொசைட்டியில் அப்படியே சொன்னார். இந்த ஊசி நூறு சதவிகிதக் கவசம் இல்லை, ஏற்கெனவே நோய் உள்ளே புகுந்துவிட்டால் காப்பாற்றாது, போட்டதும் காய்ச்சல் வரும். இதையெல்லாம் சொல்லித்தான் அவர் ஊசியைக் கொடுத்தார். இன்னொரு பக்கம், அந்த 26 பேர். ஒரே வீட்டில் தம்பிக்கு ஊசி, அண்ணனுக்கு இல்லை. அந்த வீடுகளில் அடுத்த சில வருடங்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று எந்த அறிக்கையிலும் இல்லை.

ஒரு பாட்டில், 19 உயிர்கள்

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் 107 பேருக்கு பிளேக் ஊசி போடப்பட்டது. சில நாள்களில் 19 பேருக்கு டெட்டனஸ். தாடை இறுகி, உடம்பு வில்லாக வளைந்து, 19 பேரும் இறந்துபோனார்கள். 19 பேருக்கும் மருந்து எடுக்கப்பட்டது ஒரே பாட்டிலிலிருந்து. அன்று திறந்த மற்ற பாட்டில்களில் போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பஞ்சாபில் அந்தப் பருவத்தில் லட்சக்கணக்கான பேருக்கு ஊசி போடத் திட்டம் இருந்தது. எல்லாம் நின்றுபோனது. விசாரணைக் குழு, பம்பாய் ஆய்வுக்கூடத்திலேயே மருந்தில் கிருமி கலந்துவிட்டது என்றது. ஹாஃப்கின் அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் செய்முறையில் ஒரு மாற்றம் செய்திருந்தார். கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை விட்டுவிட்டுச் சூட்டை மட்டும் நம்பினார். பாரிஸில் அதுதான் நடைமுறை. இங்கிருந்தவர்களுக்கு அது பழக்கமில்லாத முறை, அதனால் பழி அங்கே விழுந்தது. இயக்குநர் பதவி போனது, சம்பளம் நின்றது. லண்டனுக்குப் போய், தான் செய்யாத தப்புக்கு ஆதாரம் தேட ஆரம்பித்தார்.

உண்மை விசாரணை ஆவணங்களிலேயே இருந்தது. முல்கோவாலில் அந்த பாட்டிலைத் திறக்கும்போது, ஊசி போட்டவரின் உதவியாளர் இடுக்கியைத் தரையில் தவறவிட்டிருக்கிறார். அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் அதனாலேயே பாட்டிலின் கார்க்கை எடுத்திருக்கிறார். டெட்டனஸ் கிருமி மண்ணில் வாழ்வது. ஆய்வுக்கூடத்திலேயே அது கலந்திருந்தால், நாள்பட்ட அந்த பாட்டிலைத் திறக்கும்போதே நாற்றம் அடித்திருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லை. மலேரியாவுக்காக நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸ் இதைக் கையில் எடுத்தார். 1907 ஜூலையில் பத்து விஞ்ஞானிகள் சேர்ந்து லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். அந்த வருடக் கடைசியில்தான் அரசாங்கம் அவர் மேல் இருந்த பழியை நீக்கியது. ஐந்து வருடங்கள்!

இந்த ஐந்து வருடங்கள்தான் எனக்கு உறுத்துகிறது. பழி நீங்கிய செய்தி லண்டனில் அச்சானது. பஞ்சாப் கிராமங்களில் மிஞ்சியது 19 பேர் செத்த செய்தி மட்டும்தான். ஊசி போட மறுத்த பஞ்சாபில் அந்த வருடங்களில் பிளேக் ஆடித் தீர்த்தது. அவர்கள் மறுத்ததைக் குறை சொல்ல முடியுமா? பக்கத்து ஊரில் நடந்ததை வைத்துத்தானே அவர்கள் முடிவெடுக்க முடியும். என்ன நடந்தது, எந்த பாட்டில், யார் தவறு என்று உடனே, அவர்கள் பாஷையில், அவர்கள் ஊரிலேயே வந்து யாராவது சொல்லியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

நமக்கும் இது புதுசு இல்லை. 2021 ஏப்ரல் 15 அன்று, மக்களுக்குத் தைரியம் சொல்வதற்காகவே சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய் கொரோனா ஊசி போட்டுக்கொண்டார் நடிகர் விவேக். மறுநாள் மாரடைப்பு, 17-ம் தேதி மரணம். அடுத்த சில வாரங்கள் உங்கள் ஃபேமிலி குரூப்பில் என்னென்ன வந்தது என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். முல்கோவாலில் மருந்துக்குள் நிஜமாகவே கிருமி இருந்தது, இங்கே அப்படி எதுவும் இல்லை. அவர் மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்ற நிபுணர் குழுவின் முடிவு அக்டோபரில் வெளியானது. ஆறு மாதம் கழித்து வந்த அந்தச் செய்தியை அதே குரூப்பில் எத்தனை பேர் பகிர்ந்தார்கள்?

திரும்பி வந்தவர்

பழி நீங்கியதும் ஹாஃப்கின் இந்தியாவுக்கே திரும்பினார். ஆனால் பம்பாயில் இடம் காலி இல்லை. கல்கத்தாவில் ஒரு ஆய்வுக்கூடத்தின் பொறுப்பைக் கொடுத்தார்கள். புதுத் தடுப்பூசியை மனிதர்களிடம் பரிசோதிக்க அனுமதி மட்டும் தரவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதிக்கொண்டு, 1914-ல் ஓய்வுபெற்று ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசி வருடங்களில் மத நம்பிக்கையில் ஆழ்ந்தார். சேர்த்த பணத்தை யூத சமயக் கல்விக்கூடங்களுக்காக ஒரு அறக்கட்டளையில் போட்டார். 1930 அக்டோபர் 26 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இறந்தார். அவர் படத்தைப் போட்டு இந்தியா 1964-ல் தபால்தலை வெளியிட்டது.

நம் ஊர்ப் பெரிய திருவிழாக்களில் காலரா ஊசி போட்டு உள்ளே விட்ட காலம் ஒன்று இருந்தது. உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டால் கையைத் தடவிக்கொண்டே சொல்வார்கள். அந்த ஊசிக்கும் ஆரம்பம் 1892-ல் ஹாஃப்கின் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டதுதான்.

அவர் இறப்பதற்கு ஐந்து வருடம் முன்பு, 1925-ல், பம்பாய் ஆய்வுக்கூடத்துக்கு ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட் என்று பெயர் மாற்றினார்கள். அதற்கு நன்றி சொல்லி அவர் ஒரு கடிதம் எழுதினார். தன் வாழ்க்கையின் நல்ல வருடங்களை எல்லாம் பம்பாய் வேலைதான் எடுத்துக்கொண்டது என்றும், அந்த இடத்தைப் பற்றித் தனக்கு என்ன தோன்றுகிறது என்று விளக்கத் தேவையில்லை என்றும் அதில் குறிப்பிட்டிருந்தார்.